குழித்த கிதார்

"வீட்டுக்காரருக்கா?" என்று கடைக்காரர் கேட்டபோது சுயென் தலையை ஆட்டிவிட்டாள். மீன் ஆலையில் காலை முழுக்கக் கெளுத்திக்கு முள் எடுத்த கையை வைத்துக்கொண்டு, எனக்குத்தான் என்று சொல்ல நா எழவில்லை. கடையிலேயே மலிவான மின்கிதார் அது. அசட்டுச் சிவப்பு நிறம். "இப்படிப் பொண்டாட்டி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லி, அவர் ஒயரை இலவசமாகவே வைத்துக் கட்டினார். பொய்க்குக் கிடைத்த கொசுறு.

அவளையும் சேர்த்து ஆலைப் பெண்கள் நால்வர், டெட் புத்தாண்டுப் பண்டிகைக்கு முந்தைய ஆலை விருந்தில் பாட்டுக் குழுவாக மேடையேறுவதாக ஏற்பாடு. வரும் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு வேளைகளில் தோழி லியூவின் கிதாரை இரவல் வாங்கித்தான் சுயென் பழகினாள். "இப்படியே என்னோடத புடிச்சிக்கிட்டு நின்னா மேடையில நான் என்னத்தடி வாசிக்கிறது?" என்று லியூ கேட்டது நியாயம்தான். வீட்டில் இதைப்பற்றி மூச்சுவிடவில்லை. கணவன் தோவான் சாவு வீடுகளில் பழம்பாட்டுக்குக் கிதார் வாசிப்பவன். அவனுடைய கிதார் வெள்ளத்தில் ஊறிப் பாழானதிலிருந்து வீட்டில் முடங்கிக் கிடந்தான். அவனிடம் எப்படிச் சொல்வது? வாங்கியதை அலமாரிமேல் வைத்துவிட்டு, நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

மறுநாள் மாலை அவள் வீடு திரும்பியபோது, தரையெல்லாம் மரச்சீவல். நடுவில் தோவான், மடியில் சிவப்புக் கிதார்.

"வாயே தொறக்காம வாங்கி வச்சிருக்க, கள்ளி! பாரு, ஒரே நாள்ல குழிச்சு முடிச்சிட்டேன்."

கிதாரின் கழுத்தில் சுரக்கட்டைகளுக்கு இடையே மரத்தைக் குழிகுழியாகத் தோண்டியிருந்தான். சாவு வீட்டுப் பழம்பாட்டுக்கு அப்படித்தான் வேண்டும். தந்தியைக் குழிக்குள் அமுக்கினால்தான் சுரம் வளைந்து அழும். ஒரு தந்தியை அமுக்கிக் காட்டினான். அழுதது. "நாளைக்கே ஒரு சாவு வீட்டுக்கு வரேன்னு சொல்லிட்டேன்" என்றான். மாதக்கணக்கில் பார்க்காத சிரிப்பு அந்த முகத்தில்.

அவளுக்குக் கோபம் பொங்கியது. அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கிதாரை வாங்கி, பழகிய இடத்தில் விரல்களைச் சேர்த்து வைத்து மீட்டினாள். சண்டைபோட்ட ஓரகத்திகள் மாதிரி ஒவ்வொரு தந்தியும் ஒரு பக்கம் போயிற்று.

"நல்லா அமுக்கு, புள்ள."

"எங்க பாட்டுக்கு இப்படி அமுக்கக் கூடாது. இது எனக்குன்னு வாங்கினதுங்க."

"உனக்கா?" அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

அவள் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை முதலிலிருந்து வாசித்தாள். சுருதி எங்கும் நிற்கவில்லை. விரல்கள் மட்டும் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. அவன் அந்த விரல்களையே பார்த்தான். சிரிப்பு நின்றது.

"எப்பலேருந்து?"

அவள் பாட்டை நிறுத்தவில்லை. மின்விசிறிக் காற்றில் சீவல்கள் கதவோரம் பறந்தன. தோவான் எழுந்து போய் விசிறியை நிறுத்தினான். பிறகு குந்தி உட்கார்ந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்க்கத் தொடங்கினான்.