முந்நூற்றுப் பன்னிரண்டு குழாய்கள்

சகலைக்கு வலைப்பூ ஒன்று பூத்த நாளிலிருந்து குழாய்க்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

சகலை மின்வேலை பார்ப்பவன். பழைய வீடுகளில் வயர் மாற்றப் போகும்போது சுவரிலிருந்து கழற்றிய சுவிட்சைக் குப்பையில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவான். கறுப்புக் குமிழ் வைத்தது, பீங்கான் அடித்தட்டு உள்ளது, பித்தளை மூடி போட்டது என்று பத்து வருடத்தில் அறுபது சேர்த்திருக்கிறான். வெறும் அறுபது! குழாய்க்காரரின் பின்பக்க வராந்தாவில் ஒன்பது பெட்டிகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பழைய குழாய்கள் இருக்கின்றன. இருபத்திரண்டு வருட உழைப்பு. ஒவ்வொன்றையும் கழற்றி, துரு நீக்கி, எண்ணெய் போட்டு, அளவு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். அதை இதுவரை பார்த்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் பழைய இரும்பு வாங்க வந்தவர்.

அவனுடைய அறுபதையோ ஊர் உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் அது காசு கொடுத்து வாங்கிய இடம்கூட இல்லை. ஓசி வலைப்பூ. பேரைக் கொடுத்தால் இடம் கொடுக்கிறான், படத்தை ஏற்றினால் போட்டுக்கொள்கிறான். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று குழாய்க்காரர் உள்ளுக்குள் புழுங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் மதியச் சாப்பாடு. மாமனார் இலக்கணச் சுத்தமான மனிதர். மூத்த மருமகனை 'பெரிய மாப்பிள்ளை' என்பார், இளையவனை 'சின்ன மாப்பிள்ளை' என்பார். இரண்டு மாதமாக அந்தச் 'சின்ன' எங்கேயோ உதிர்ந்துவிட்டது. இப்போது வெறும் 'மாப்பிள்ளை' என்றால் அது சகலைதான். 'பெரிய' மட்டும் குழாய்க்காரரின் தலையில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"மாப்பிள்ளை, நேத்து வரைக்கும் எத்தனை பேர் பார்த்திருக்காங்க தெரியுமா? நாலாயிரத்து இருநூறு!" என்றார் மாமனார், செல்போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தபடி.

"அதெல்லாம் அண்ணி புண்ணியம் மாமா. நான் வெறுமனே ஆணியைக் கழட்டுறவன்" என்றான் சகலை. அடக்கமாக வேறு பேசித் தொலைக்கிறான். திமிராகப் பேசினாலாவது திட்டலாம்.

குழாய்க்காரரின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் அந்த நாலாயிரத்து இருநூறு பேர் அல்ல, மாமனார்கூட அல்ல. அந்த 'அண்ணி'தான். அண்ணி என்பது அவருடைய சொந்த மனைவி.

அவள் ஓர் அச்சகத்தில் பதினெட்டு வருடமாக எழுத்துக் கோக்கிறாள். அழைப்பிதழ், நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் என்று எவர் எதை எழுதிக் கொடுத்தாலும் பிழை திருத்தி அடித்துக் கொடுப்பாள். சகலை ஒருநாள் வந்து, "அண்ணி, உங்களுக்குத்தான் எழுத வருமே" என்று தலையைச் சொறிந்தான். அவ்வளவுதான். அவளே உட்கார்ந்து வலைப்பூவைத் திறந்தாள். 'பழைய சுவிட்சுகள்' என்று அவன் வைத்த பேரைத் தள்ளிவிட்டு 'விளக்கைப் போட்டவர்கள்' என்று வைத்தாள். ஒவ்வொரு சுவிட்சையும் அவனே படம் பிடிப்பான், கழற்றிய வீட்டின் கதையையும் அவனே சொல்வான். அவள் அதைக் காய்ச்சி மூன்று வரியாக்குவாள். மூன்றே வரிதான், ஆனால் படிக்கிறவன் மறுபடி முதல் வரிக்குப் போவான்.

'சுவிட்ச் எண் 9. ஒரு தையல்காரர் வீடு. அவர் மனைவிக்குக் கண் தெரியாது, ஆனாலும் கணவர் திரும்பும் நேரம் பார்த்துத் தினமும் விளக்கைப் போட்டு வைத்தது அவர்தான். குமிழின் கீழ்ப்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது.'

இதைக் குழாய்க்காரர் யாருக்கும் தெரியாமல் பதினோரு முறை படித்திருந்தார். ஒவ்வொரு முறையும் கண் கலங்கியது. கலங்கிய கையோடு, இந்த வரி நம்முடைய குழாய்க்கு வரவேண்டிய வரியல்லவா என்று பற்றிக்கொண்டு எரிந்தது.

வாய்விட்டுக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. கட்டிய மனைவியிடம் போய் வரிசையில் நின்று விண்ணப்பம் போடுவதா? அவளாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் குழாய்களைக் கொண்டுவந்து பரப்பி, டங் டங் என்று தட்டித் துடைத்துப் பார்த்தார். "அடியில பேப்பர் விரிச்சுக்கங்க, மேசை கீறிடப் போகுது" என்றாள் அவள், கணினியிலிருந்து தலையைத் தூக்காமல்.

அன்று சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, "நீங்க முன்னால போங்க. புதுசா நாலு சுவிட்ச் வந்திருக்காம், கதையைக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று அவள் சகலையின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதுதான் கடைசித் திருகு.

வீட்டுக்கு வந்த குழாய்க்காரர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. செல்போனை எடுத்து வலைப்பூவைத் திறந்து ஒன்பதாம் எண் சுவிட்சுக்குக் கீழே கருத்துப் பெட்டியைத் தட்டினார். 'பெயரில்லாதவர்' என்பதைத் தேர்ந்தெடுத்தார். ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்க இருபது நிமிடம் ஆனது.

'சுவிட்ச் எண் 9. குமிழ் தேய்ந்ததற்குக் காரணம் மட்டமான சரக்கு. மற்றதெல்லாம் கட்டிவிட்ட கதை. எழுதியவருக்குச் சுவிட்சும் தெரியவில்லை, எழுதவும் தெரியவில்லை.'

அனுப்பியதும் மார்பு லேசானது. சகலையின் மூஞ்சி தொங்கிப்போவதைக் கற்பனை செய்து பார்த்துச் சிரித்துக்கொண்டார். 'உங்கள் கருத்து ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது' என்று திரையில் வந்தது. ஓசியில் இடம் கொடுக்கிற கம்பெனியில் எவனோ ஓர் அதிகாரி உட்கார்ந்து ஒப்புதல் கொடுப்பான் என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாகப் படுத்து ஒரு குட்டித் தூக்கம் போட்டார்.

மனைவி ஆறு மணிக்கு வந்தாள். கைப்பையைக் கூட வைக்கவில்லை.

"நம்ம பிளாக்குக்கு ஒரு கமெண்ட் வந்திருக்கு. படிக்கட்டுமா?"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று பதறிப்போய்க் கேட்டுவிட்டார்.

"எல்லாம் எனக்குத்தான் முதல்ல வரும். நான் சரின்னு சொன்னாத்தான் வெளியில தெரியும்." அவள் நின்றபடியே செல்போனைப் பார்த்து, நோட்டீஸ் பிழை திருத்துகிற அதே குரலில், ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். 'எழுதவும் தெரியவில்லை' என்ற இடத்தில் ஒரு கணம் நின்றாள்.

அப்போதுதான் குழாய்க்காரருக்கு உறைத்தது. சகலையை அடிக்க ஓங்கிய கை யார் மேல் விழுந்திருக்கிறது என்பது இருபது நிமிடம் விரல் நோக அடித்தபோது தோன்றவேயில்லை.

"எவனோ பொறாமை பிடிச்சவன். விடு" என்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா கடைசியில இன்னும் ரெண்டு வரி இருக்கு." அவள் படித்தாள். "'ஞாயிறு, மாலை 3.40. கசிவு இல்லை.'"

குழாய்க்காரர் எட்டித் திரையைப் பார்த்தார். அதை அடித்ததே அவருக்கு ஞாபகமில்லை.

அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். கதவின் உட்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்து. 'வளைகுழாய் மாற்றியது. புதன், காலை 11.15. கசிவு இல்லை.'

எந்த வீட்டில் எந்த வேலை செய்தாலும் அவர் அப்படித்தான். வேலை முடிந்ததும் குழாய்க்கு அடியில் உலர்ந்த காகிதத்தை விரித்து, பத்து நிமிடம் தலையை அலமாரிக்குள் விட்டுக் காத்திருப்பார். ஒரு சொட்டும் விழவில்லை என்று உறுதியானதும் என்ன செய்தோம், எப்போது செய்தோம் என்று எழுதி, கடைசியில் அந்த இரண்டு வார்த்தையைப் போட்டு ஒட்டிவிட்டு வருவார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் எழுதியதெல்லாம் அந்தச் சீட்டுதான். எதையாவது எழுதி முடித்தால் விரல் தானாக அங்கே போய் நின்றுவிடும் என்பது அவருக்கே தெரியாது.

"நான் அவனைத்தான் சொன்னேன்" என்றார், தரையைப் பார்த்து.

"எழுதுறது நான்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சதனாலதான்."

 அவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பதினெட்டு வருஷமா அடுத்தவங்க வார்த்தையைத்தான் அடிச்சுக் குடுக்குறேன். நானா எழுதினது இது ஒண்ணுதான். அதையும் போய் எழுதத் தெரியலைன்னுட்டீங்க."

"நல்லா எழுதுற. அதான் எனக்குத் தாங்கல. அவனோட அறுபது சுவிட்சுக்கு எழுதுற, என் குழாய் ஒண்ணையாவது ஏறெடுத்துப் பார்த்தியா?"

"முதல் பெட்டி வந்தப்பவே கேட்டேனே, இதெல்லாம் எதுக்குன்னு. உனக்குப் புரியாதுன்னீங்க. சரி, நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

அவர் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். அதனால் எதிர்வாதம் செய்யவில்லை. "அந்தக் கமெண்ட்டை அழிச்சிடு" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கட்டும். நீங்க ஒழுங்கா இருக்குற வரைக்கும் காத்துக்கிட்டே இருக்கட்டும்" என்றவள் எழுந்து போய் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வந்தாள். "வாங்க. சொல்லுங்க, எழுதறேன். உங்களுக்கும் ஒண்ணு திறந்துடுவோம். ஓசிதானே!"

குழாய்க்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. வராந்தா விளக்கைப் போட்டு, முதல் பெட்டியைத் திறந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு! மாமனார் செல்போனைத் தள்ளிப் பிடித்து, "பெரிய மாப்பிள்ளை, பத்தாயிரம் பேர்!" என்று கூவுவது இப்போதே காதில் விழுந்தது.

"இது அரை அங்குலம். கெட்டிப் பித்தளை. மரை இன்னும் புதுசு மாதிரி இருக்கு பாரு."

"யாரு வீட்டுல இருந்தது?"

"மாடி வீடு ஒண்ணு."

"யாரு இருந்தாங்க?"

அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எழுதியிருக்கவில்லை. "அடுத்தது முக்கால் அங்குலம். இந்த மாதிரி வாய் இப்ப வர்றதே இல்ல."

"சரி, இது யாரோடது?"

"ஒரு... அம்மா. வயசானவங்களா இருக்கலாம். செருப்பு நீலம்."

அப்படியே பதினைந்து குழாய் போனது. அளவு தெரிந்தது, எடை தெரிந்தது, எந்த வாஷர் போடவேண்டும் என்பது தெரிந்தது. ஒரு மனிதரைக்கூடத் தெரியவில்லை. சகலை வேலை முடிந்ததும் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து அரட்டை அடிப்பான், ஊர்வம்பு பேசுவான். வேலையில் கவனமில்லாதவன் என்று அதற்காகவே அவனை இவர் ஏளனம் செய்ததுண்டு. இவர் அந்த நேரத்தில் அலமாரிக்குள் தலையை விட்டு உலர்ந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் யாராரோ பேசியிருக்கிறார்கள். இவர் 'ம்' கொட்டியிருக்கிறார். முகம் ஒன்றுகூட நினைவில்லை, கால்கள்தான் நினைவிருந்தன. கொலுசு போட்டது, வீங்கியது, பொறுமையில்லாமல் தாளம் போட்டது.

அவள் ஒரு வரிகூட அடிக்காமல் காத்திருந்தாள். அவருக்கு அவமானமாக இருந்தது. அறுபதுக்கு அறுபது கதை வைத்திருக்கிறவன் மேல் முன்பைவிட இரண்டு மடங்கு எரிச்சலாக இருந்தது.

"விடு. மூடு அதை" என்றார்.

அவள் மூடவில்லை. கடைசிப் பெட்டிக்குள் கையை விட்டு, அடியில் துணி சுற்றிக் கிடந்த ஒன்றை வெளியே எடுத்தாள். சின்னக் குழாய். மற்றவை எல்லாம் பளபளக்க, இது மட்டும் துடைக்காமல் பச்சை பூத்துக் கிடந்தது. வாயில் ஒரு நூல் கட்டியிருந்தது. சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போன நூல்.

"இது எந்த மாடி வீடு?" என்றாள்.

குழாய்க்காரர் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அளவைச் சொல்லவில்லை.

"நாம முதல்ல இருந்த ஒத்தை ரூம்" என்றார். "சொட்டிக்கிட்டே இருக்கும். ஊரெல்லாம் சரி பண்ணிட்டு வந்து நம்ம வீட்டுல நாளைக்கு, நாளைக்குன்னு ஏழு மாசம் ஓட்டினேன். அந்தச் சத்தத்துல உனக்குத் தூக்கம் வராது. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஒருநாள் வாயில நூலைக் கட்டித் தொங்க விட்டுட்ட. தண்ணி நூலைப் பிடிச்சுக்கிட்டுச் சத்தமில்லாம இறங்கிச்சு. காலையில அதைப் பார்த்துட்டு எனக்கு மூஞ்சியைக் காட்ட முடியல. அன்னைக்கே கழட்டிட்டேன். நூலை அவுக்க மனசு வரல."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஓட ஆரம்பித்து, நடுவில் நின்று, மறுபடி ஓடின.

"உங்கம்மா தச்ச தலையணை உறையில இருந்து உருவின நூல்" என்றாள் மெதுவாக. "அது உங்களுக்குத் தெரியாது."

"அதையும் எழுது."

அவள் எழுதினாள். குழாய்க்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். மூன்றாவது வரி முடிந்து அவள் முற்றுப்புள்ளி வைக்கப் போனாள். அவர் நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவனுக்கு ஒவ்வொண்ணுக்கும் எத்தனை வரி எழுதுற?"

"மூணு."

"இதுக்கு நாலு எழுது."