பதினேழு இழைகள்

அறுந்த இழையைக் குறட்டால் வெட்டக் கூடாது. வெட்டினால் நுனி முள்ளாக நிற்கும்; பக்கத்து இழையை அரித்துக்கொண்டே இருக்கும். நுனியைக் குறட்டால் கவ்வி, முன்னும் பின்னுமாக ஆட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆட்டத்தில் கம்பி சூடாகி, இரண்டு புரிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் தானாக ஒடியும். அப்புறம் அந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்தாலும் ஒன்றும் தட்டாது. வடத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

கல்குவாரிக்கு அன்று விடுமுறை. இரும்புத் தொட்டியை மேலே கொண்டுவந்து தரையில் உட்கார வைத்து, அதைத் தூக்கும் கம்பிவடத்தைத் தளர்த்தி இரண்டு மரக்கட்டைகளின் மேல் போட்டிருந்தார்கள். கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமனான வடம். ஆறு புரிகள், ஒவ்வொரு புரியிலும் பத்தொன்பது இழைகள், நடுவில் எண்ணெய் ஊறிய சணல். போன வருஷம் ஒரு புரியே அறுந்து தொங்கியபோது, அதைப் பதினைந்து முழத்துக்கு உருவி எடுத்துவிட்டு, பழைய வடம் ஒன்றிலிருந்து வேறொரு புரியைப் பிரித்து, அதே முறுக்கில் உட்கார வைத்து, நுனிகளைச் சணலுக்குள் செருகிவிட்டவர் இவர். ஒட்டு எங்கே என்று காட்டுகிறவனுக்கு ஒரு மாதம் டீ வாங்கித் தருவதாகப் பந்தயமும் கட்டினார். இதுவரை அவர் காசில் ஒருவனும் டீ குடிக்கவில்லை.

ஆனால் இப்போது பிரச்சினை வேறு இடத்தில். தொட்டி ஏறும்போதும் இறங்கும்போதும் பள்ளத்தின் பாதி ஆழத்தில் நிற்கும். அங்கே ஒரு பாறை வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதன் பக்கத்தில் பாறையில் வெட்டிய நடுத்தட்டில் நிற்பவன் தொட்டியைக் கழியால் விலக்கிவிட வேண்டும். அதற்காக, மேலே வடத்தைச் சுற்றி இழுக்கும் விஞ்சு எந்திரத்தை ஓட்டும் விஞ்சுக்காரன் பிரேக் போட வேண்டும். பிரேக் விழும்போதெல்லாம் வடத்தின் அதே ஒரு முழம்தான் மேலே கப்பியின் மீது வளைந்து குலுங்கும். எட்டு வருஷமாகக் குலுங்கிய குலுக்கலில் அந்த முழம் தேய்ந்து, இழை இழையாக விட்டுக்கொண்டிருந்தது. அந்த வடத்தில்தான் தினமும் முப்பது பேர் தொட்டியில் நின்றபடி வேலைக்கு இறங்கினார்கள். அவர்களில் ஒருத்தி அவர் மனைவி.

புது வடம் வேண்டும் என்று நான்கு மாதமாக மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மேனேஜரும் "எழுதியிருக்கேன்" என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் வடத்துக்காரர் நம்பியிருந்தது வருஷத்துக்கு ஒரு தடவை வரும் ஆய்வாளரைத்தான். அந்த அம்மா கண்ணில் பட்டால் ஒரே நிமிஷத்தில் கழற்றிப் போடச் சொல்லிவிடுவார். அவர் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று ஆபீசில் சொன்னார்கள்.

இதற்கிடையில் சனிக்கிழமை, பழைய கிரீசைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் உள்ளங்கையை ஒரு இழை கொக்கி போலக் கிழித்துவிட்டது. துணி முழுக்க ரத்தம். மேனேஜர் விஞ்சு மேடை வரைக்கும் வந்து பார்த்தார்.

"நாளைக்கு உக்காந்து எல்லா முள்ளையும் சுத்தமா ஒடிச்சு விட்டுடுங்க. புது கிரீஸும் போட்டுடுங்க. பொம்பளைங்க கை கிழியக் கூடாது பாருங்க" என்றார்.

பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த விஞ்சுக்காரன், வடத்துக்காரரின் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, "கரெக்டு சார்" என்று தலையாட்டினான்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை. மனைவியின் கையைக் கிழித்த இழையை முதலில் தேடிப் பிடித்து, பழி தீர்ப்பது போல ஆட்டி ஒடித்தார். பிறகு மற்றவை. ஒரு புரி வடத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவரும் நீளம் ஒரு சாண்தான்; அந்த ஒரு சாணுக்குள் மட்டும் பதினேழு. எண்ணிக்கையை மனதில் போட்டுக்கொண்டார். ஒரு சுற்றில் பத்து இழை போனாலே ஆட்களை ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஆய்வாளர் வந்ததும் இந்தப் பதினேழைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, வெயில் சாயும்வரை கையால் கிரீஸ் பூசினார்.

ஆய்வாளர் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார்.

காலை ஷிப்டு ஆட்கள் பள்ளத்தின் விளிம்பில் குந்தியபடி காத்திருந்தார்கள். ஆய்வாளர் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு கை நிறைய வெள்ளைப் பஞ்சை எடுத்து வடத்தைச் சுற்றிப் பிடித்தார். விஞ்சு மெதுவாக ஓடியது. அறுந்த இழை எங்காவது நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சு அதில் மாட்டும். மாட்டிய இடத்தில் நிறுத்தி எண்ணுவார்கள். வடம் அவர் கைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. பஞ்சு கறுத்ததே தவிர ஒரு நூல்கூட மாட்டவில்லை.

வடத்துக்காரருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இருபது வருஷக் கை. அந்தக் கெட்டுப்போன முழம் வந்தது, பஞ்சுக்குள் நுழைந்தது, வெளியே வந்தது. ஆய்வாளர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எண்ணுவதற்கு அந்த அம்மாவுக்கு ஒரு முள்கூட மிச்சமில்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கெடுத்தோமே, என்று நினைத்தார்.

"ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க" என்றார் ஆய்வாளர். "யாரு இந்த வடத்தைப் பாத்துக்கறது?"

"இவருதான் மேடம்" என்று மேனேஜர் அவர் தோளில் கை வைத்தார். மேனேஜர் இங்கே வந்த பதிமூன்று வருஷத்தில் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "இவரு கை பட்டா பட்டு நூல் மாதிரி இருக்கும்."

விளிம்பில் இருந்தவர்கள் எழுந்து வேட்டியையும் புடவையையும் தட்டிக்கொண்டு தொட்டியை நோக்கி நடந்தார்கள். கையில் கட்டுப் போட்டிருந்த அவர் மனைவி, மற்றக் கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

"ஏறாதீங்க" என்றார் வடத்துக்காரர். "மேடம், அது நல்ல வடம் இல்லீங்க. பதினேழு இழை போயிருக்கு. நான்தான் ஒடிச்சு விட்டேன்."

தொட்டியில் ஏறியிருந்த இரண்டு பேர் மெல்ல இறங்கினார்கள்.

"பஞ்சுல ஒண்ணும் மாட்டலையே" என்றார் ஆய்வாளர்.

"மாட்டாதுங்க. அதுக்குத்தானே ஒடிக்கறது. வடத்தைத் தளத்தச் சொல்லுங்க, காட்டறேன்."

வடத்தைத் தளர்த்திக் கட்டைமேல் போட்டார்கள். வடத்துக்காரர் மண்ணெண்ணெய்த் துணியால் கிரீசைத் துடைத்தார். கனமான குத்தூசியை இரண்டு புரிகளுக்கு நடுவே நுழைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துத் திருகினார். புரிகள் உதடு பிரிவது போல விலகின. உள்ளே, இடுக்கில், ஒடிந்த இழைகளின் முனைகள் ஒன்றையொன்று பார்த்தபடி கிடந்தன. ஆய்வாளர் முழங்காலிட்டு உட்கார்ந்து பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார். பதினேழு.

"இதை எதுக்கு மறைச்சீங்க?"

"மறைக்கலீங்க. கை கிழியுதுன்னு மேனேஜர் சார்தான் ஒடிக்கச் சொன்னாரு."

"நானா?" மேனேஜர் சிரித்தேவிட்டார். "நான் எப்பங்க சொன்னேன்? மேடம், இவரே ஒடிச்சுட்டு, இவரே கிரீசும் பூசிட்டு, இப்ப என்னைச் சொல்றாரு. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா இந்த வடத்தை விட்டு வெச்சிருப்பேனா?"

வடத்துக்காரர் விஞ்சுப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். மச்சினன் பிரேக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பிடறியில் வியர்வை இறங்கியது. தலையை நிமிர்த்தவே இல்லை.

ஆபீசிலிருந்து வடப் புத்தகம் வந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமைக்கும் ஒரு வரி. 'குறை ஒன்றும் இல்லை. குறை ஒன்றும் இல்லை.' எல்லாம் மேனேஜரின் அழகான கையெழுத்தில். ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் வடத்துக்காரரின் கோணல்மாணலான ஒப்பம்.

"இது உங்க கையெழுத்துதானே? படிச்சுப் பாத்துப் போடறதில்லையா?"

"ஜன்னல் வழியா நீட்டுவாங்க. வேலைக்கு வந்ததுக்குக் கையெழுத்துன்னு நினைச்சுப் போடுவேன்."

ஆய்வாளர் வெகுநேரம் எழுதினார். கெட்ட மனுஷி இல்லை. எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தும் காட்டினார். இந்த வடத்தில் இனி ஆட்கள் ஏறக் கூடாது. கல் ஏற்றுவதற்கு இருபது இழை வரை சட்டம் அனுமதிப்பதால் கல் ஏற்றலாம். மூன்று மாதத்துக்குள் புது வடம் போட வேண்டும். அறுந்த இழைகளைப் பதிவு செய்யாமல் அகற்றியவரை இனி வட வேலையில் வைக்கக் கூடாது.

ஜீப்பில் ஏறுமுன் வடத்துக்காரர் பக்கம் வந்து, "நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார் தாழ்ந்த குரலில்.

"அதனாலதாங்க சொன்னேன்" என்றார் அவர்.

மேனேஜர் அன்று கோபப்படவில்லை. கோபப்பட அவருக்கு ஒன்றும் இல்லை, கல் ஏறிக்கொண்டிருந்தது. "கீழ கல்லு ஏத்தற வேலை இருக்கு. இஷ்டம்னா நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார். குறடும் குத்தூசியும் கம்பெனிச் சாமான். திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் மச்சினன் வீட்டு வாசலில் வந்து நின்றான். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"மாமா, வீட்டுல கைக்குழந்தை..."

"தெரியும்டா. உள்ள வா."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். தண்ணீர்ச் செம்பை அவன் முன்னால் தரை அதிர வைத்துவிட்டுப் போனாள். அவன் குடிக்காமலே எழுந்து போனான். பிறகு அவள் கணவரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் தொட்டியில கால வெச்சேன் பாருங்க, அதப் பாத்துட்டுத்தானே சொன்னீங்க?"

"ஆமா."

"நான் லீவுல இருந்திருந்தா?"

அவர் அவள் கைக்கட்டின் அவிழ்ந்த நுனியை உள்ளே செருகிவிட்டார். "சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கறேன்" என்றார். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று அவருக்கு மிகவும் ஆசையாக இருந்தது.

மறுநாள் முதல் முப்பது பேரும் நடந்து இறங்கினார்கள். பாறையில் வெட்டிய படிகள் நானூற்றுப் பன்னிரண்டு. இறங்க அரை மணி, ஏற முக்கால் மணி. ஷிப்டு நேரம் பள்ளத்தின் அடியில் கால் வைத்த பிறகுதான் தொடங்கும் என்று பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள்.

"ஒரு வாயைத் தெறந்து முப்பது பேரு முழங்கால வாங்கிட்டீங்களே" என்றாள் முன்னால் போன கல் ஏற்றுகிற அக்கா. படியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. வடத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். மானம் போனது ஒரு பக்கம் இருந்தாலும், அவர்கள் நடக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. உயிரோடுதானே நடக்கிறார்கள்.

அந்த நிம்மதி அடிப்பள்ளம் வரைக்கும்தான் நின்றது. அங்கே அவரும் அவர் மனைவியும் உட்படப் பதினோரு பேர் கல் ஏற்றினார்கள். காலியான தொட்டி மேலிருந்து இறங்கி வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்தது. நிரப்பினார்கள். மணி அடித்தார்கள். இரண்டு டன் கல்லோடு தொட்டி தரையை விட்டுக் கிளம்பி, நேராக அவர்கள் தலைக்கு மேலே ஏறியது. அதன் நிழல் ஒவ்வொருவர் முதுகிலும் ஊர்ந்து போனது. யாரும் நிமிரவில்லை, அடுத்த தொட்டிக்குக் கல்லைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷம் மேலே நின்று வேலை பார்த்த வடத்துக்காரர் அதை முதன்முதலாகக் கீழேயிருந்து பார்த்தார்.

"அதுல நாம ஏறக் கூடாதுன்னு எழுதினாங்களே" என்றாள் கல் ஏற்றுகிற அக்கா, அவர் அண்ணாந்து நிற்பதைப் பார்த்துவிட்டு. "அடியில நிக்கலாமா?"

"அதை யாரும் கேக்கலை" என்றார் அவர். தானும்கூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவர் எண்ணத் தொடங்கினார். மணி அடித்ததிலிருந்து இருபத்து மூன்று எண்ணும்போது தொட்டி நடுத்தட்டை எட்டும், பிரேக் விழும், அந்தக் கெட்ட முழம் கப்பியின்மேல் வளையும். மூன்றாவது தொட்டி கிளம்பியபோது, இருபதில் "எல்லாரும் ஓரமா வாங்க" என்று கத்தினார். ஏன் என்று கேட்டவர்களும் வந்தார்கள். தலைக்கு மேலே தொட்டி குலுங்கி நின்றது, நடுத்தட்டுக்காரன் கழியால் தள்ளினான், மறுபடி ஏறியது. மத்தியானத்துக்குள் அவர் கத்த வேண்டிய தேவையே இல்லாமல் போனது. மணி அடித்ததும் எல்லோரும் கல்லைக் கையில் வைத்துக்கொண்டே அவர் உதட்டைப் பார்த்தார்கள். உதடு இருபதைச் சொன்னதும் கல்லைப் போட்டுவிட்டுப் பாறையோரம் ஓடினார்கள்.

பதினான்காவது தொட்டி அவர்கள் தலைக்கு மேலே குலுங்கி நின்றது. மச்சினன் பிரேக்கை எவ்வளவு மெதுவாகப் போட்டாலும் ஒரு கை மணலும் இரண்டு சில்லுக் கல்லும் உதிர்ந்து, அவர்கள் ஒரு நொடிக்கு முன் நின்றிருந்த இடத்தில் விழுந்தன. பதினோரு பேரும் பாறையோடு முதுகை ஒட்டி நின்றார்கள். மனைவியின் கட்டுப் போட்ட கையை அவர் மணிக்கட்டில் பிடித்திருந்தார். தொட்டி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

மேலே விளிம்பிலிருந்து விசில் சத்தம் வந்தது. கூடவே, பள்ளம் முழுக்க எதிரொலிக்கும்படி மேனேஜரின் குரலும் கேட்டது:

"அங்க என்ன எல்லாரும் சும்மா நிக்கறீங்க?"