குண்டம்மாவின் ஓரம்

நூலக உறுப்பினர் விவரங்களை ஆளுக்கு ஒரு பக்கமாக அச்சிட வேண்டும். திரையில் எல்லாம் அழகாக ஒரே பக்கத்தில் அடங்கியது. தாளில் மட்டும், கடைசி வரியான தொலைபேசி எண் தனியாக இரண்டாம் பக்கத்தில் போய் விழுந்தது.

மேலாளர் இரண்டு தாள்களையும் என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "ஏம்மா, ஒரு ஃபோன் நம்பருக்கு ஒரு முழுத் தாளா? சாயங்காலத்துக்குள்ள சரியாகணும்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. என்னோடு வேலை பார்த்து, வேறு கிளைக்கு மாறிப்போன அக்காவை அழைக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. எதிர் நாற்காலி அவளுடையது. அவள் போனதிலிருந்து இந்த அறையில் நான் கணினியோடுதான் பேசுகிறேன்.

"உன் கம்ப்யூட்டர்ல இன்னும் குண்டம்மாதான் முதல் பிரிண்டரா?" என்று, நான் சொன்னதைக் கேட்டு ஃபோனில் சிரித்தாள். பழைய அச்சுப்பொறிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. "அவளைத்தான் நான் இங்க கூட்டிட்டு வந்துட்டேனே, லூசு. திரை, அவ தாள்ல விடுற ஓரத்தை வச்சுக் காட்டுது, நீ புது பிரிண்டர்ல அடிக்கிற. புதுசை முதல்ல வச்சிட்டு ஓரத்தைக் குறை." பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வச்சிடுறேன்டி."

மாற்றினேன். திரையிலும் எண் இரண்டாம் பக்கத்தில் விழுந்தது. ஓரத்தைக் குறைத்ததும் மேலே ஏறிக்கொண்டது. தாளிலும் அப்படியே வந்தது. மேலாளர் "ம்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

அக்காவிடம் சொல்ல ஃபோனை எடுத்தேன். சரியாகிவிட்டது என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை. ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, ஓரத்தைப் பழையபடி அகலமாக்கினேன். குண்டம்மாவையும் மறுபடி முதலில் வைத்தேன். அடுத்த மாதமும் அச்சிட வேண்டியிருக்கும்.