உரிக்காத தாள்

என் கம்ப்யூட்டருக்கு வயது பத்து. கம்ப்யூட்டர் உலகத்தில் அது அறுபதாம் கல்யாணம் செய்துவைக்கும் வயது. எனக்கு நாற்பத்தொன்று. முதல் கல்யாணமே ஆகவில்லை.

கமுதிக்காரன் நான். இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். கடலைப் பார்த்த கீழ்த்தள அறையில் தங்கல். தினமும் ஊர்ப்பட்ட ஜனம் வரும். ஆதார் நகல் கொடுப்பார்கள், வெந்நீர் கேட்பார்கள், தீர்த்தமாடிவிட்டு ஈரத்துணி மூட்டையோடு கிளம்பிவிடுவார்கள். காளிதாஸ் என்ற என் பெயரை விசாரித்தவர்கள் எல்லோரும் என்மேல் புகார் எழுதுவதற்காக விசாரித்தவர்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் எனக்கு ஆள் உண்டு. ஜாபர் சாதிக். கீழக்கரை. பாலிடெக்னிக்கில் என் பெஞ்சு. இப்போது கத்தாரில் ஒரு கிடங்கில் வேலை. ஜும்மா தொழுது, சாப்பிட்டுவிட்டு அவன் அங்கே உட்காருவான், நான் இங்கே. கூட அவன் அறைக்காரர்கள் இருவர். நால்வரும் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து எதிரிகளைச் சுடுவோம். சுடுவது அவர்கள். நான் சீக்கிரமே செத்து, கிடந்தபடி பேசிக்கொண்டிருப்பேன். “உங்க உம்மாவுக்கு முட்டிவலி தேவலையாடா?” என்று பிணம் கேட்கும். அவன் சுட்டுக்கொண்டே பதில் சொல்வான். எனக்கு அது போதும்.

போன மாதம் அந்த விளையாட்டைப் புதுப்பித்தார்கள். அன்றிலிருந்து என் பெட்டி சூடாகி, நான் தரையைத் தொடும் முன்பே அணைந்துபோனது.

“மாப்ள, இவிய்ங்க வேற ஆளச் சேப்பம்கிறாய்ங்க,” என்றான் ஜாபர். “இந்த வெள்ளி மட்டும் பாப்போம்னு சொல்லி வச்சிருக்கேன். பொட்டிய ஏதாச்சும் பண்ணு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னான்.

இரண்டு ரேமும், சூட்டை இழுத்து வெளியேற்ற ஒரு பெரிய கூலரும் வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே சின்ன உப்பளம். ரேம் செருகும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. துடைத்துப் புதியதைச் செருகினேன். பழைய ஃபேனைக் கழற்றிவிட்டுக் கூலரை எடுத்தேன். அதன் செம்பு அடிப்பாகத்தில் கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் தாள். பொருத்துமுன் உரிக்கவும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள்.

இந்தக் கடற்கரையில் யாரும் எதையும் உரிப்பதில்லை. உப்புக்காற்றுக்குப் பயந்து எங்கள் லாட்ஜின் ஃபிரிட்ஜ், டிவி, லிஃப்ட் பொத்தான் எல்லாம் வந்த தாளோடுதான் இருக்கின்றன. இதுவோ பளபளக்கும் செம்பு. விடுவேனா? ஓரத்தில் லேசாகக் கிளம்பியிருந்ததைக்கூட விரலால் நீவி ஒட்டினேன். அதன்மேல் சூட்டைக் கடத்தும் பசையைத் தடவி, கூலரை வைத்துத் திருகினேன்.

வெள்ளிக்கிழமை ஹெட்போனில் ஜாபர் கேட்டான்: “தாங்குமாலே?”

“புது மாப்பிள்ளையாட்டம் நிக்குது.”

குதித்தோம். தீவு தெரிந்தது. புல் தெரிந்தது. புல் அசைவதுகூடத் தெரிந்தது. அப்புறம் எதுவும் தெரியவில்லை. திரை கறுத்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி கறுத்தது.

செல்போன் அடித்தது. வீடியோவில் ஜாபர். “உள்ள காட்டு. இன்னும் கிட்டக்க. அந்தக் கூலருக்கு அடியில என்ன மினுங்குது?”

“பிளாஸ்டிக்கு.”

“உரிக்கலையா?”

“உரிச்சா துரு ஏறும்ல?”

சிரித்தான் பாருங்கள், அவன் கட்டில் ஆடியது. “யா அல்லாஹ்! பிளாஸ்டிக்கத் தாண்டிச் சூடு எப்படிலே ஏறும்? தெர்மல் பரீட்சையில அரியர் வச்ச பயதானே நீ! கமுதியில ஏதுலே உப்புக்காத்து? யாரு சொல்லிக் கொடுத்தா?”

“உங்க வீட்லதான் பாத்தேன். உங்க உம்மா ஃபிரிட்ஜ்ல இன்னும் கம்பெனி ஸ்டிக்கர் இருக்கு.”

அவனுக்குப் பின்னால் யாரோ அவசரமாகக் கூப்பிட்டார்கள்.

“நீ போ, ஆட்டம் போயிரும்,” என்றேன்.

“வேற ஆள வச்சு ஆடட்டும். நீ அதக் கழட்டு.”

போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்துவைத்துவிட்டுக் கழற்றினேன். தாளை உரித்தபோது சர்ரென்று கேட்டது.

“என் மெத்தையும் இப்படித்தான் கத்தும்,” என்றான்.

“எந்த மெத்த?”

“இங்கன ரூம்ல உள்ளது. வந்தன்னைக்குக் கொடுத்தாய்ங்க. மேல உள்ள பிளாஸ்டிக்க இன்னும் உரிக்கல. புரண்டு படுத்தா சரசரங்கும்.”

“அங்கன உள்ளுக்குள்ள ஏதுடா உப்பு? உரிச்சிற வேண்டியதுதானே.”

“உரிச்சா, இங்கனயே கிடக்கப்போறேன்னு ஆயிரும்ல.”

டியூபில் மிச்சமிருந்த பசையைப் பிதுக்கித் தடவினேன்.

பெட்டி இந்த முறை அணையவில்லை. சூடு ஏறாமல் நின்றது. அவனிடம் காட்டினேன். அதற்குள் அவன் பக்கம் வாசலில் ஹாரன்.

“சரக்கு வந்துருச்சாம், வண்டி அனுப்பிட்டாய்ங்க. போறேன் மாப்ள.”

“அடுத்த வெள்ளி எனக்கு இடம் இருக்காதுல?”

“ரெண்டு பேர் ஆட்டமும் இருக்குல்ல. நீ வழக்கம்போலச் செத்துரு. நான் பேசிக்கிட்டே தோக்கிறேன்.”

தனியாகத் தீவில் குதித்தேன். கால் தரையில் பட்டது. புல் அசைந்துகொண்டே இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து சத்தமே வரவில்லை. பழைய ஃபேன் இரைந்தபோது அறையில் இன்னொருவர் குறட்டைவிட்டுத் தூங்குவது போலிருக்கும். இப்போது மூடிய ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும் கேட்டது.

செட்டிங்ஸைத் திறந்து, தேவையே இல்லாமல், கூலரின் ஃபேனை முழு வேகத்தில் இரையவைத்தேன்.