புறாவைத் தவிர வேறு பேச்சில்லை

மட்டாஞ்சேரிப் புறாப் பிரியர் சங்கத்தில் முதன்முதலாகக் கூரைப் பலகையில் போய் முட்டிக்கொண்டவர் அதன் செயலாளர் வெங்கிடராமன். 1973ஆம் ஆண்டு மேடமாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தின் நடுவே, தன் தங்கைக்கு எர்ணாகுளத்தில் வரன் அமைந்திருக்கும் விஷயத்தை எடுத்தார். பையனுக்கு என்ன உத்தியோகம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஜமுக்காளத்தை விட்டு எழும்பினார். போட்ட சம்மணம் கலையாமல் மேலே போய்த் தலை இடித்து நின்றார். கீழே இருந்தவர்கள் முன்ஜாக்கிரதையாக மின்விசிறியை நிறுத்தினார்கள். யாரோ அவருடைய கர்ணப் புறா முட்டை வைத்ததா என்று கேட்க, அவர் "ரெண்டு வெச்சிருக்கு" என்று சொல்ல, அந்தப் பேச்சோடு சாவகாசமாக இறங்கி வந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

அதற்கு முந்தின ஞாயிறுதான் சங்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகையை மாட்டியிருந்தார்கள். "இங்கே புறாவைத் தவிர வேறு பேச்சில்லை" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது. காரணம் இல்லாமல் மாட்டவில்லை. யூதர் தெருவான ஜூ டவுனில் பிச்சுமணியின் ஏலக்காய்க் கிடங்குக்கு மேலே இருந்த அந்த மாடியறையில் புறாவைப் பற்றிப் பேசக் கூடியவர்கள் யூனியன் தகராறு, கோயில் நிர்வாகம், கட்சி என்று ஆரம்பித்து நாற்காலியைத் தூக்குகிற அளவுக்குப் போயிருந்தார்கள். ஒருவர் பல்லை இழந்திருந்தார். இடத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பிச்சுமணிதான் தலைவர். விதியும் அவருடையது. நல்ல விதி என்று எல்லோரும் சொன்னார்கள், அன்றைக்கு அது நல்ல விதியாகவும்தான் இருந்தது.

வருஷம் போகப் போக இந்த எழும்பலில் ஒரு நெளிவு சுளிவு தெரிந்துவிட்டது. கிரிக்கெட் பேசினால் முழங்கால் உயரம்தான் எழும்பும், இருமிச் சமாளித்துவிடலாம். அரிசித் தட்டுப்பாட்டைப் பேசினால் ஆள் உயரம். சொந்தத் துக்கத்தை எடுத்தால் ஒரே போக்காக உச்சிக்குக் கொண்டுபோய்விடும். மேலே போனவருக்குப் பதில் சொன்னால் பதில் சொன்னவரும் கிளம்பிவிடுவார் என்பதால், யாராவது எழும்பினால் மற்றவர்கள் ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கமாயிற்று. அதற்கு மரியாதை என்று பெயர் வைத்தார்கள். செல்லதுரை என்கிற மளிகைக்காரர் தன் தாய் செத்துப்போனதைச் சொல்லிவிட்டு, இறங்குவதற்கு ஒரு புறாவும் ஞாபகத்துக்கு வராமல் மேலேயே அழுதுகொண்டிருந்தார். அவருக்குக் கீழே இறக்கைப் பேனுக்கு வேப்பெண்ணெய் நல்லதா புகையிலைத் தண்ணீர் நல்லதா என்ற விவாதம் நாகரிகமாக நடந்தது.

சுள்ளிக்கல்லில் குடியிருந்த நல்லசிவத்துக்கு இந்த நாகரிகம் ரொம்பப் பிடிக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, படகுத்துறையில் எடை போடுகிற வேலையில் இருந்தவர். ஊரில் வேறு எங்கேயும் உட்காரச் சொல்லாத ஆட்கள் இங்கே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பருந்துக்குப் பயந்த புறாவை எப்படித் தேற்றுவது என்று யோசனை கேட்டார்கள். அந்த யோசனைகளில் அவரை மிஞ்ச ஆளில்லை, இந்த ஒரு பெருமைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வார்த்தை பிசகாமல் இருந்தார். பிள்ளைகள் இல்லை. மனைவி சந்தனமாரி அதே கிடங்கில், சங்கத்துக்கு நேர் கீழே, ஏலக்காய் தரம் பிரித்தாள். ஏலக்காய் வேலை நடக்கிற நாளில் பெண்களை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவது அந்தக் கிடங்கின் பழக்கம். முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவார்களாம். சாவி பிச்சுமணியின் மடியில் இருக்கும். நல்லசிவத்துக்கு இது தெரியும், ஆனால் அது புறா விஷயம் இல்லை.

1978ஆம் ஆண்டு கர்க்கடக மாதத்து மழையில் ஒரு ஞாயிறு. அவசரச் சரக்கு என்று சந்தனமாரியும் அம்மிணி என்ற இன்னொரு பெண்ணும் உள்ளே வேலையாக இருந்தார்கள். அடுத்த அறையில் ஏலக்காய் வெளுக்கக் கந்தகம் புகையவைத்திருந்தார்கள். ஈரத்தில் காரை பெயர்ந்த சுவர் வழியாகப் புகை இந்தப் பக்கம் வந்தது. சந்தனமாரிக்கு மூச்சிழுப்பு உண்டு. இருமல் மாடிக்குக் கேட்டது. கிடங்குப் பெண்கள் இருமுவது எப்போதும் உள்ளதுதான். ஒல்லியான அம்மிணி கூடை தள்ளுகிற ஓட்டை வழியாக எப்படியோ உடம்பை நுழைத்து வெளியே வந்தாள். தெருவில் கடைகள் அடைத்துக் கிடந்தன, காவல்காரன் சாயா குடிக்கப் போயிருந்தான். மாடிப்படி ஏறினாள்.

சங்கத்தின் விஷயம் அம்மிணிக்குத் தெரியும். உள்ளதைச் சொன்னால் தான் மேலே போய்விடுவோம், எல்லோரும் ஜமுக்காளத்தைப் பார்ப்பார்கள், சாவி மடியிலேயே இருக்கும். தவிர, அங்கே எல்லோருக்கும் சட்டென்று காது திறக்கிற பேச்சு ஒன்றுதான் என்றும் அவளுக்குத் தெரியும். அதனால் வாசற்படியில் நின்று, "மொதலாளி, கிடங்குக்குள்ள ஒரு பிராவு கேறிப்போச்சு. சாவி தாங்கோ, வேகம்!" என்றாள்.

அவள் தரையிலேயே நின்றாள். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"என்ன நெறம்?" என்றார் பிச்சுமணி.

புறாவை ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்திராத அம்மிணி, வாயில் வந்ததைச் சொன்னாள். "வெள்ளை."

வெள்ளைப் பெட்டை தொலைத்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே நிறையப் பேர் இருந்தார்கள். செல்லதுரை தன்னுடையது என்றார். வெங்கிடராமன் காலில் வளையம் உண்டா என்றார். போன மாதம் வெள்ளைப் பெட்டையைப் பறிகொடுத்த நல்லசிவம் எழுந்தே நின்றுவிட்டார். "அது எம் பெட்டைதான் சாமி. மழைக்கு ஒதுங்கியிருக்கும்" என்றார்.

"யாருதுன்னு தீராம கதவைத் தெறக்கப்படாது. பிடிக்கறதுக்குள்ள பறந்துடும், அப்பறம் என்மேல குத்தம் சொல்லுவேள்" என்றார் பிச்சுமணி.

"உள்ள முழுக்க பொகையாக்கும் மொதலாளி. சத்துப்போகும்!"

"கந்தகப் பொகையில பேன்தான் சாகும். புறாவுக்கு நல்லது."

அம்மிணி நல்லசிவத்தைப் பார்த்தாள். கண்ணாலேயே சொல்லிவிட முயன்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவர் யோசனையில் இருந்தார், அவருடைய வாழ்நாளின் மிகச் சரியான யோசனையில். "இருட்டட்டும் சாமி" என்றார். "இப்பத் தொறந்தா வெளிச்சத்தப் பாத்துப் பாஞ்சிரும். இருட்டுனா தன்னால அடங்கிரும். ஒரு துணியப் போட்டு அலுங்காம அள்ளிரலாம்." புறா வளர்க்கிற எவரும் அதைத்தான் சொல்வார்கள். சங்கம் தலையாட்டி ஏற்றுக்கொண்டது. உரிமையை அதுவரை பேசித் தீர்ப்பது என்று முடிவாயிற்று. அம்மிணி சுமைக்காரர்களைத் தேடித் தெருவுக்கு ஓடினாள்.

பொழுது சாய்ந்ததும் விளக்கை எடுத்துக்கொண்டு எல்லோரும் இறங்கினார்கள். அம்மிணி கடப்பாரையோடு இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்ததும் அப்போதுதான். பிச்சுமணி மடியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். புறாவின்மேல் போடுவதற்குத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு முதலில் உள்ளே போனவர் நல்லசிவம். சந்தனமாரி கதவுக்குப் பின்னாலேயே கிடந்தாள். அந்தத் துணியைத்தான் அவள்மேல் போட்டார்கள். பழைய இழுப்பு என்று ஊரில் பேசி முடித்துக்கொண்டார்கள். உறுப்பினர்கள் எல்லோரும் சுடுகாடு வரைக்கும் போனார்கள், அந்த மாதிரி விஷயங்களில் சங்கத்தைக் குறை சொல்ல முடியாது.

காரியம் முடிந்த மறு ஞாயிறு நல்லசிவம் சங்கத்துக்கு வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, பேசினார். "சாவி உங்க மடியில இருந்துச்சு சாமி. இருட்டட்டும்னு சொன்னது என் வாய். அவ உள்ள கெடந்து செத்தா. ஆமான்னு ஒருத்தராவது சொல்லுங்க." முதல் சொல்லிலேயே கிளம்பிவிட்டார், கடைசிச் சொல்லைக் கூரைப் பலகையில் முதுகு ஒட்டியபடி சொன்னார். அவர் கேட்டது அவ்வளவுதான். தண்டனை கேட்கவில்லை, மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. ஒரு ஆமாம். உறுப்பினர்கள் ஜமுக்காளத்தைப் பார்த்தார்கள். வெங்கிடராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குஞ்சுகளுக்கு வரும் அம்மையைப் பற்றி ஆரம்பித்தார்.

புறாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நல்லசிவம் இறங்கியிருக்கலாம். அவருக்குத் தெரியாத புறாவா. சொல்லவில்லை. வருஷக்கணக்காக மேலேயே இருந்துவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம் தொடங்கியதும் அதே வார்த்தைகளைச் சொல்லுவார், கூட்டம் குனிந்துகொள்ளும், பிறகு நடவடிக்கை தொடரும். சுள்ளிக்கல் வீட்டில் அவர் விட்டுவந்த புறாக்களை உறுப்பினர்கள் சண்டை சச்சரவில்லாமல் பங்கிட்டுக்கொண்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விதிகளோடு சேர்த்து, மேலே பார்க்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுவார்கள். பார்த்தவர்களும் கொஞ்ச நாளில் விட்டத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

சோறு கொடுத்தவள் அம்மிணி. புறாவைக் கிளப்புகிற நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கப்பைக் கிழங்கும் மீனும் தூக்குச்சட்டியில் கட்டித் தினமும் உயர்த்துவாள். சும்மா நின்றால் அழுகை வரும், மனசில் உள்ளதைச் சொன்னால் மேலே போய்விடுவாள், போய்விட்டால் கழியைப் பிடிக்க ஆளில்லை. அதனால் அவரிடம் புறாக்களைப் பற்றியே பேசினாள். எது அடைகாக்கிறது, எது இறகு உதிர்க்கிறது என்று பேசிப் பேசி, மட்டாஞ்சேரியில் உள்ள எல்லாக் கூண்டுகளும் அவளுக்கு அத்துபடியாகிவிட்டன. நல்லசிவம் பதில் சொல்லாமல் சாப்பிடுவார். அன்றைக்கு உள்ளே என்ன நடந்தது, சந்தனமாரி ஏதாவது சொன்னாளா என்று அவளிடம் கேட்க நா துடித்திருக்கும். கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள் என்பதால் கேட்கவில்லை.

1985இல் பிச்சுமணி கிடங்கை ஒரு பழம்பொருள் வியாபாரிக்கு விற்க ஏற்பாடு செய்தார். சங்கம் தோப்பும்படிக்கு மாறுவதற்குமுன் நிலுவையில் உள்ளதையெல்லாம் தீர்த்துவிட வேண்டும் என்றார். அவருக்கும் வயதாகிவிட்டது. அன்றைக்கு அவர் மனசில் ஏதோ இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பேச்சை எடுத்திருக்க மாட்டார். ஆனால் அதை எடுத்த விதம் அவருக்கே உரியது. "கிடங்குல மாட்டின அந்த வெள்ளைப் பெட்டை விவகாரம் தீரவே இல்லை. யோசிச்சுப் பாத்தேன். அது நல்லசிவத்தோடதுதான். அவருக்கே பாத்தியம்னு தீர்மானிக்கறேன்."

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். சிலருக்குக் கண்கூடக் கலங்கியது. இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்று செல்லதுரை சொன்னார், அவர் அந்தப் பெட்டைக்குத் தனக்கிருந்த பாத்தியத்தையும் விட்டுக்கொடுத்திருந்தார்.

மேலேயிருந்து நல்லசிவம் கத்தினார். "எந்தப் புறா சாமி? அன்னைக்குக் கெடங்குல புறாவே இல்லையே!"

அந்தச் சொல்லோடு அவர் கீழே விழுந்தார். என்ன இருந்தாலும் அது புறாவைப் பற்றிய பேச்சுதான். ஜமுக்காளத்தில் விழுந்து, நடை மறந்துபோன கால்களோடு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். பிச்சுமணி நீண்ட பெருமூச்சு விட்டார். வெங்கிடராமன், உரிமை கோரியவர் கோரிக்கையை விலக்கிக்கொண்டார் என்று எல்லோரும் கேட்கும்படி அறிவித்தார். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

கழியும் தூக்குச்சட்டியுமாக வந்த அம்மிணி வாசற்படியில் நின்று இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். இனிக் கழி பிடிக்க வேண்டியதில்லை.

"ஆமா சேட்டா" என்றாள். "ஒரு பிராவும் இல்லை. மாரியக்காதான் உள்ள இருந்தது. மொதலாளிகிட்டப் போகண்டா, சாவி கிட்டாது, மேல என் வீட்டுக்காரர் இருக்காரு, அவர்கிட்டச் சொல்லுனு சொல்லித்தான் என்னை அந்த ஓட்டை வழியாத் தள்ளி விட்டது. நான்தான் கேக்கல்ல." சொல்லச் சொல்ல எழும்பிக்கொண்டிருந்தாள். கழி கைநழுவி ஜமுக்காளத்தில் விழுந்தது. உறுப்பினர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நல்லசிவம் அண்ணாந்து பார்த்தார். "பொறவு?" என்றார். "பொறவு என்ன சொன்னா?"

உட்கார்ந்த வாக்கிலேயே அவரும் மேலே போனார். அங்கே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு வெகுநேரம் பேசினார்கள், நடுவில் அழுதார்கள். கீழே, புறாத் தீனிக்கு வாங்கும் கம்பில் கல் கலக்கும் வியாபாரிகளைக் கண்டிக்கும் தீர்மானத்தைச் செல்லதுரை முன்மொழிந்தார். அது ஒருமனதாக நிறைவேறியது.