முன் பெஞ்சில் மாடிவீட்டுக்காரர்

எங்கள் தெருவில் லேத் பட்டறைக்காரர் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பேசாமல் இருந்தால் தெருவுக்கே கேட்கும். மகனோடு அப்படித்தான் பேசாமல் இருந்தார், அவன் சாமியார் படிப்புக்குப் போன நாளிலிருந்து. ஒரே பையன். அவனுக்கு மீசை முளைக்கும் முன்பே பட்டறை போர்டில் 'அண்ட் சன்' என்று எழுதி வைத்துவிட்டார். அவன் போன பிறகு அதை அழிக்கவும் இல்லை, அதைப் பற்றி யாரையும் வாயைத் திறக்க விடவும் இல்லை.

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சமிருப்பது ஒரு மகள், அவருக்கு எதிர்வீட்டிலேயே குடியிருக்கும் தையல்காரி. அப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவே தூது போயே அவளுக்கு ஆயுசில் பாதி தேய்ந்தது. இப்போது தம்பிக்குக் குருப்பட்டம். ஆயர் தலையில் கை வைத்து ஜெபித்ததும் புதுச் சாமியாருக்கு வெள்ளை மேலங்கியைப் போட்டுவிடுவார்கள். பெற்றவர்கள் கையால் போட்டுவிடுவது எங்கள் கோயில் வழக்கம். அங்கியை அவளே தைத்திருந்தாள். போட்டுவிடத்தான் ஆளில்லை.

"நீங்க வந்து போட்டுவிட்டா போதும்பா. பேசக்கூட வேண்டாம்."

"எனக்கு அன்னைக்கு வேலை இருக்கு."

"லீவு நாள்ல என்ன வேலை?"

"லீவு எடுக்கற வேலை."

எங்கள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. நான் என்ன செய்ய, காதைக் கழற்றியா வைக்க முடியும்?

பட்டறைக்காரர் வீட்டு மாடியில் கடல் தாண்டி வந்த ஊழியக்காரத் தம்பதி குடியிருக்கிறார்கள். எங்களை மாற்ற வந்தவர்கள். இதுவரை மாறியது அவர்கள் இரண்டு பேரும்தான். மனிதர் பம்பு ரிப்பேருக்குப் பட்டறைப் பக்கம் போனவர், அங்கேயே உட்கார்ந்து பேச்சுக் கற்றுக்கொண்டார். அதனால் என்னையும் 'தலைவரே' என்றுதான் கூப்பிடுவார். அந்தம்மா தையல்காரியிடம் கற்றவள். எதைக் கேட்டாலும் "நாளைக்கு ரெடி" என்பாள்.

அவர்கள் சபை எளிமையான சபை. நாற்காலியில் உட்காருவார்கள், பாடுவார்கள், எழுந்து போவார்கள். மணி கிடையாது, அங்கி கிடையாது. அங்கே மெழுகுவர்த்தி எரிந்தால் கரண்ட் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களைத் தையல்காரி குருப்பட்டத்துக்கு அழைத்தாள். அந்தம்மாவுக்கு ஒரே கவலை.

"எப்ப எழுந்திருக்கணும், எப்ப உக்காரணும், எங்களுக்கு ஒண்ணும் தெரியாதே?"

"இதுல என்னக்கா இருக்கு? முன்னாடி இருக்கறவங்க என்ன செய்யறாங்களோ அதையே செய்யுங்க. ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

அன்று சாயங்காலம் மாடியில் ஒத்திகை நடந்தது. மனைவி முன்னால், கணவர் பின்னால். அவள் எழுந்தால் அவரும் எழுந்தார், அவள் குனிந்தால் அவரும் குனிந்தார். நான் துணி எடுக்க எங்கள் மாடிக்குப் போயிருந்தேன். துணி காயக் கொஞ்சம் நேரமானது.

குருப்பட்டத்தன்று அவர்களைப் பட்டறைக்காரரே தன் வேனில் ஏற்றிக்கொண்டார். "வாசல்ல விட்டுட்டு வெளியவே நிப்பேன். உள்ள கூப்பிடக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். ஒரு சீட்டு வீணாகப் போகிறதே என்று நானும் ஏறிக்கொண்டேன். கோயிலின் பக்கவாட்டுக் கதவுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, ஸ்பேனரும் கையுமாக நின்றுகொண்டார். நன்றாக ஓடுகிற வண்டி. அந்த இடத்திலிருந்து பார்த்தால் பீடம் நேராகத் தெரியும், அவ்வளவுதான்.

உள்ளே குடும்பத்துக்கென்று ஒதுக்கிய முன் பெஞ்சில் தையல்காரி மட்டும் அங்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெஞ்சு பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அவளுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. எழுந்து வந்து, பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்த மாடிக்காரர்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவர்களுக்குத் துணை வேண்டாமா? நான் இரண்டாவது பெஞ்சுக்கு மாறினேன்.

முன் பெஞ்சுக்கு முன்னால் யார் இருப்பார்கள்? பட்டம் வாங்குகிற பையன் மட்டும்தான். அது தையல்காரிக்குத் தோன்றவில்லை. மாடிக்காரர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். பையன் எழுந்தான், இவரும் எழுந்தார். பையன் தலை வணங்கினான், இவரும் வணங்கினார். எவ்வளவு பக்தி என்று என் பக்கத்தில் ஒருத்தி உருகினாள்.

பிறகு பாடகர் குழு புனிதர்களின் பெயர்களை வரிசையாகப் பாடத் தொடங்கியது. பையன் பீடத்துக்கு முன்னால் போய் முகம் தரையில் படக் குப்புற விழுந்தான். கோயிலே மண்டியிட்டது. மாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். பெஞ்சை விட்டு வெளியே வந்தார். பையனுக்குப் பின்னால் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துவிட்டார்.

நல்ல உயரமான மனிதர். ஷூ என் பெஞ்சு வரை வந்தது. அதன் அடியில் பட்டறை ரப்பரை வெட்டி ஒட்டியிருந்தது கூட எனக்குத் தெரிந்தது. அந்தம்மாவும் கைப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். தையல்காரி பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, நீங்க வேண்டாம்!"

"அவர் படுத்துட்டாரே?"

"அவரும்தான் வேண்டாம்!"

பாடுகிறவர்களில் ஒருவருக்குச் சிரிப்பில் குரல் பிசிறியது. ஆயர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டார்.

அப்போதுதான் பக்கவாட்டுக் கதவில் தடதடவென்று சத்தம். வெளியே நின்றவருக்கு மகன் படுப்பது முறை என்று தெரியும், நண்பர் விழுந்ததுதான் புரியவில்லை. மாரடைப்பு என்றே நினைத்துவிட்டார். ஸ்பேனரோடு உள்ளே ஓடி வந்து குனிந்தார்.

"யோவ், என்னய்யா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல தலைவரே. முன்னாடி இருக்கறவர் படுத்தார், நானும் படுத்தேன்."

"அது அவனுக்குய்யா! எழுந்திரு, மானம் போகுது."

"அவர் இன்னும் எழுந்திருக்கலையே?"

அவன் எழுந்துவிட்டானா என்று பார்க்கத்தான் பட்டறைக்காரர் தலையைத் தூக்கினார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மகனை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தார். உச்சியில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது, அப்பாவுக்குக் கொட்டிய அதே இடத்தில். கோயில் முழுக்க மண்டியிட்டிருக்கிறது, இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள், நின்றுகொண்டிருப்பது இவர் ஒருவர்தான். திரும்பிப் போக வேண்டுமென்றால் அத்தனை பேர் கண்ணையும் தாண்ட வேண்டும். பிறகு மெல்ல முழங்காலை மடக்கி, ஸ்பேனரைத் தரையில் வைத்தார். ணங்.

அந்தச் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளை. குப்புறப் படுத்திருந்தவனின் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது.

அங்கி போடும் நேரம் வந்ததும் தையல்காரி அதை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினாள்.

"கையெல்லாம் கிரீஸா இருக்குடி. வெள்ளைத் துணி."

"பரவாயில்லப்பா."

மாடிக்காரர் கைக்குட்டையைக் கொடுத்தார். பட்டறைக்காரர் விரல் விரலாகத் துடைத்தார். ஆயர் காத்திருந்தார். அப்புறம் அங்கியை வாங்கிப் பிரித்து, தையலைத் தடவிப் பார்த்து, அத்தனை பேர் முன்னாலும் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க நூல் தொங்குது பாரு."

பிறகு மகனிடம் சொன்னார்: "கையத் தூக்கு."

அவன் தூக்கினான். அவ்வளவுதான் பேச்சு. தையல்காரி அழுத அழுகையில் அந்தம்மாவின் தோள் நனைந்துவிட்டது.

திரும்பும்போது வேனில் ஒருவரும் பேசவில்லை. எனக்கு அது பெரிய தண்டனை. கடைசியில் மாடிக்காரர்தான் கேட்டார்.

"தலைவரே, நான் தப்பு செஞ்சுட்டேனா?"

பட்டறைக்காரர் தெருமுனையில் வண்டியைத் திருப்பினார். "நாளைக்கு அவன் முதல் பூசை வைக்கிறான். நான் முன்னாடி உக்கார்றேன். நீ என்னைப் பார்த்துச் செய்" என்றார்.

மறுநாள் அப்படியே உட்கார்ந்தார்கள். அவர் முன் பெஞ்சில், மாடிக்காரர்கள் அவருக்குப் பின்னால், நான் அவர்களுக்குப் பின்னால். மனைவியை அடக்கம் செய்த பிறகு கோயில் பக்கமே வராதவருக்கு முறையெல்லாம் எங்கே நினைவிருக்கிறது? எல்லோரும் உட்கார்ந்த நேரத்தில், மகன் சரியாகத் தெரியவில்லை என்று எழுந்து நின்றுகொண்டார். மாடிக்காரர் எழுந்தார். அந்தம்மாவும் எழுந்தாள். பீடத்தில் நின்றவன் நிமிர்ந்து பார்த்து, படித்துக்கொண்டிருந்த வரியைத் தவறவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு தேடினான்.

நானும் எழுந்துவிட்டேன். பின்னே, மூன்று பேர் முன்னால் நின்றால் எனக்கு எப்படித் தெரியும்?