பகலில் வந்த தூக்கம்

வடகரைப்புதூரில் தூக்கம் நடந்துதான் வரும். கையில் துடைப்பத்தோடு வீடு வீடாக ஏறி, படுத்திருப்பவர்களின் தலைக்குள் சேர்ந்த குப்பையைக் கூட்டி அள்ளிக்கொண்டு போகும். ஊர்வம்பு, டிவி விளம்பரம், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் போய்விடும். வேண்டியது மட்டும் வைத்த இடத்தில் இருக்கும்.

உலகம்மாளின் வீட்டுக்கு மட்டும் அது காலை பதினொரு மணிக்கு வந்தது. அவள் கணவர் பஞ்சாலையில் இரவு ஷிப்டு பார்த்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தூக்கத்திடம் யாரும் நேரத்தை மாற்றிச் சொல்லவில்லை. பகல் வெளிச்சத்தில் தூக்கத்துக்குக் கண் கூசும். குப்பை எது, பண்டம் எது என்று தெரியாமல் கைக்கு வந்ததை வாரிக்கொண்டு போகும். முதலில் சாவி வைத்த இடம் போனது. பிறகு தெருவின் பெயர் போனது. ஒருநாள் உலகம்மாளின் பெயரும் போனது.

அதற்குத் தூக்கத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை "ஏட்டி" என்றுதான் கூப்பிட்டார். புழங்காத பெயர் ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்தது. கண் கூசியபடி பெருக்குகிற எவருக்கும் அது குப்பையாகத்தான் தெரியும்.

"ஏட்டி"யும் ஒருநாள் போனது. அவர் அவளைப் பார்த்துச் சிரித்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். நாற்பது வருஷத்தில் கிடைக்காத மரியாதை. அவள் அழுதாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள். நல்ல பெயர் என்று அவர் பாராட்டினார். பதினொரு மணிக்குத் தூக்கம் வந்து அதையும் அள்ளிக்கொண்டு போனது. தினமும் சொன்னாள், தினமும் போனது.

கடைசியில் அவள் வாசலிலேயே தூக்கத்தை மறித்தாள்.

"ஒருநாளாவது அவுகளை ஒழுங்காத் தூங்க வைக்கக் கூடாதா?"

"வைக்கலாமே. எனக்கு வீடுதான் தெரியும், ஆளு பேரு தெரியாது. யாரைன்னு பேரச் சொல்லுங்க."

கணவர் பெயரைச் சொல்வதாவது! சூரியப்பிரகாசம் என்ற அந்தப் பெயரை அவள் ரேஷன் கடையில் சொன்னதில்லை, ஆஸ்பத்திரியிலும் சொன்னதில்லை. முற்றத்துக்கு வந்து மேலே விரலை நீட்டினாள்.

"அந்தா மேல போறாவள்லா, அவுக பேருதான்."

தூக்கம் அண்ணாந்து பார்த்தது. துடைப்பத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே ஏறியது. கொஞ்ச நேரத்தில் சூரியன் தூங்கிவிட்டது. தெருவிளக்குகளைப் போட்டார்கள், பள்ளிக்கூடத்தை விட்டார்கள், கோழிகள் அடைந்தன.

உலகம்மாள் ஓடிப்போய்க் கணவரின் காதில் தன் பெயரை இன்னொரு முறை சொல்லிவைத்தாள். மேலிருந்து இறங்கிய தூக்கம் வழக்கம்போல் வீட்டுக்குள் வந்தது. நல்ல இருட்டு, அதற்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. முப்பது வருஷமாய்ச் சேர்ந்திருந்த பஞ்சாலை இரைச்சலை மட்டும் இரண்டு கூடை அள்ளிக்கொண்டு போனது. முன்பே போனவை போனவைதான்.

அவர் நெடுநேரம் தூங்கினார். பாயில் அசையும் சத்தம் கேட்டதும் உலகம்மாள் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது. திறந்தால், கண்ணைக் கசக்கியபடி சூரியன் நின்றது. தூக்கம் மேலே போனபோது அங்கே வெளிச்சம் அதிகம், கண் கூசியிருக்கும், பாவம்.

"தாயி, கிழக்கு எந்தப் பக்கம்?"

அவள் துவைகல்லுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"உலகம்மா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாசல்ல யாரு?"

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷம் தாங்காமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"உங்க பேர்க்காரவுகதான். வழி கேட்டு வந்திருக்காவ."

"உள்ள வந்து இருக்கச் சொல்லு. மோரு குடு. வெயில் தாழப் போகட்டும்."

சூரியன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, மோரைக் குடித்தபடி, வெயில் தாழக் காத்திருந்தது.